கொரியப் படம் பார்க்கத் தொடங்குகிறீர்களா? தோட்டத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

‘பாரசைட்’டில் தொடங்காதீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யார் வந்து “கொரியப் படம் பார்க்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கிறது?” என்று கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அது நல்ல படம். 2019இல் கான் விழாவின் தங்கப் பனை, 2020இல் நான்கு ஆஸ்கார். ஆங்கிலம் அல்லாத மொழிப் படமொன்று சிறந்த படத்துக்கான ஆஸ்காரை வாங்கியதும் அதுவே முதல் முறை. தொல்லையே அங்கேதான். விருதுப் படம் என்று சொல்லி வீட்டாரை உட்காரவைத்தால் எல்லாரும் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி விறைத்துக்கொள்வார்கள். அரை மணி நேரம் போனதும் அப்பா கைபேசியை எடுப்பார், அம்மா துணி மடிக்கப் போவார், “இதெல்லாம் நமக்கு ஒத்துவராது” என்று தீர்ப்பும் வந்துவிடும்.

ஒத்துவரும். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவருக்குக் கொரியப் படம் பார்க்கத் தேவையான பழக்கமெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் கட்சி. தம்பி தங்கைகளைக் கரையேற்ற மூத்த பிள்ளை தேய்ந்துபோவது, போலீஸ் நிலையத்தில் ஏழையின் பேச்சு எடுபடாமல் போவது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்குவது, இதெல்லாம் நாம் சிறு வயதிலிருந்து பார்த்ததுதானே. இப்படி அழவைக்கும் கதைகளைக் கொரியர்கள் ‘ஷின்பா’ என்பார்கள். சற்றுக் கேலியாகவும் சொல்வார்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பான் வழியாகக் கொரிய மேடைக்கு வந்த நாடக வகை அது. தமிழ் சினிமா கம்பெனி நாடகத்திலிருந்து கிளம்பியது. அங்கேயும் மேடை அழுகை திரைக்கு ஏறியது. விமர்சகர்கள் அதைப் பழித்துக்கொண்டே இருக்கிறார்கள், சனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் இது பொருந்தும்.

ஆகவே எந்த வாசல் வழியாக நுழைவது என்பதுதான் கேள்வி.

முதலில் ஆட்களைச் சேருங்கள்

தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் படம் என்றால் கூட்டம். திடலில் வெள்ளைத் துணி கட்டி, லயத்து வீடுகளிலிருந்து பாயும் பலகையும் தூக்கிவந்து, பிள்ளைகள் முன்னால், ஆண்கள் பின்னால் நின்றுகொண்டு பார்த்த தலைமுறை இன்னும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கிறது. அவர்கள் கையில் கைபேசியைக் கொடுத்து “பாருங்க பாட்டி” என்றால் பார்க்க மாட்டார்கள். பெரிய திரை வேண்டும், பக்கத்தில் பேச ஆள் வேண்டும். சனிக்கிழமை இரவு, வீட்டு டிவி, நான்கைந்து பேர். இது போதும்.

கூட்டத்தைச் சேர்க்கும் பொறுப்பை வீட்டில் ஏற்கெனவே கொரியத் தொடர் பார்க்கும் பெண்பிள்ளையிடம் கொடுங்கள். அநேகமாக ஒருத்தி இருப்பாள். அவளுக்குப் பெயர்களும் பழக்கவழக்கங்களும் அத்துப்படி. சில வீடுகளில் அவளுடைய அம்மாவுக்கும் கொஞ்சம் பரிச்சயம் இருக்கும். 2002இல் டிவி3 ‘விண்டர் சொனாட்டா’வை ஒளிபரப்பியபோது மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்த இளம்பெண்கள்தான் இன்றைய அம்மாக்கள். ஆனால் ஒன்று, தொடர் வேறு படம் வேறு. தொடரில் மழையில் குடை பிடிக்கவே ஓர் எபிசோட் போகும். படம் இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும். அதனால் முரட்டுத்தனம் கூடுதல், கெட்ட வார்த்தை கூடுதல், ஆட்கள் அழகாகவும் இருக்க மாட்டார்கள். தொடர் மட்டுமே பார்த்த பிள்ளைகள்தான் சில படங்களில் முதலில் எழுந்து ஓடுவார்கள். பாட்டிமார் அசைய மாட்டார்கள்.

எங்கே பார்ப்பது

தியேட்டர் என்றால் பெரும்பாலும் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். புதுப் படம் வரும்போது போய்ப் பாருங்கள், ஆனால் தொடக்கத்துக்கு வீடே மேல். வீட்டில்தான் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலிருந்து மலேசியாவில் இருக்கிறது. வியூவும் உண்டு, அதில் தொடர்கள்தான் அதிகம். எந்தப் படம் எந்த மாதத்தில் எதில் இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து தேடாதீர்கள். வியாழக்கிழமையே தேடி வையுங்கள். பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் போதும்.

மழைக்காலத்தில் மாலை இடி இடித்ததும் டிஷ் போய்விடும், சில தாமான்களில் இணையமும் இழுபறிதான். வசதி இருந்தால் முன்கூட்டியே கைபேசியிலோ டேப்லட்டிலோ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை டிவியில் போட முடிகிறதா என்று அன்று காலையிலேயே ஒரு தடவை சோதித்துவிடுங்கள். எல்லா இணைப்பும் எல்லா டிவிக்கும் பொருந்தாது.

டெலிகிராமில் சுற்றும் திருட்டுப் படம் வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் வரும் சப்டைட்டில் பல நேரம் இயந்திரம் மொழிபெயர்த்தது, யார் யாரைத் திட்டுகிறார் என்றே விளங்காது. இன்னொன்றையும் தவிர்க்கச் சொல்வேன்: ஒரு முழுப் படத்தைப் பத்து நிமிடத்தில் விறுவிறுவென்று தமிழில் சொல்லி முடிக்கும் யூடியூப் காணொளிகள். பார்த்த படத்தை நினைத்துப் பார்க்க அவை உதவலாம். பார்க்காத படத்தை அவை கொன்றுவிடும். கொரியப் படத்தில் கதையைவிட அது திரும்பும் விதம்தான் சரக்கு.

தமிழ்க் குரலில் கிடைக்குமா என்று கேட்பார்கள். கொஞ்சம் கிடைக்கும். புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பியது, ‘ஸ்க்விட் கேம்’ தொடரும் தமிழில் உண்டு. படங்களில் தமிழ்க் குரல் குறைவு. கிடைத்தாலும் முதல் படத்தைக் கொரிய மொழியிலேயே கேளுங்கள் என்பேன். அவர்கள் கெஞ்சும் குரலுக்கும் கத்தும் குரலுக்கும் மாற்றுக் குரல் ஈடு கொடுப்பதில்லை.

வாசித்துச் சொல்ல ஒருவர்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் பலருக்கு ஆங்கிலமும் மலாயும் வாசிக்க வராது. ஆனால் மலாய் கேட்டால் புரியும். நாற்பது வருடம் பசாரிலும் கிளினிக்கிலும் பேசியிருக்கிறார்கள். சப்டைட்டிலை மலாயில் போட்டு, எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னால் படம் அவர்களுக்குத் திறந்துவிடும். தேர்ந்தெடுக்கும்போது கவனியுங்கள். இந்தோனேசிய மொழி என்று ஒன்றும் மலாய் என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கும். நம் ஊர்க் காதுக்கு இரண்டாவதுதான் சரி. எழுத்து சின்னதாக இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் அமைப்புகளில் போய்ப் பெரிதாக்கலாம், மஞ்சள் நிறமாகவும் மாற்றலாம்.

வாசித்துச் சொல்வதில் ஒரு பக்குவம் உண்டு. ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்கக் கூடாது. வரிக்கு வரி சொன்னால் சொல்கிறவர் மூச்சு வாங்குவார், கேட்கிறவர் முகங்களைப் பார்க்க மறந்துவிடுவார். காட்சி தொடங்கும்போது ஒரு வாக்கியம், “இவன் வீட்டுக்கார அம்மாகிட்ட வாடகைக்குத் தவணை கேக்கறான்” என்பது மாதிரி. அது போதும். சண்டை வந்தால் பேசாதீர்கள். யாராவது அழுதால் கண்டிப்பாகப் பேசாதீர்கள், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. வேகமாகப் பேசும் நகைச்சுவைக் காட்சியில் மட்டும் மலாய் வரியை அப்படியே சத்தமாக வாசித்துவிடுவது நல்லது, தமிழாக்கிக்கொண்டிருந்தால் சிரிப்பு போய்விடும்.

இது ஏதோ நாமாகச் செய்துகொண்ட ஒட்டுவேலை என்று வெட்கப்பட வேண்டாம். மௌனப் படக் காலத்தில் கொரியத் தியேட்டர்களிலேயே திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்தார். ‘பியோன்சா’ என்று பெயர். அழவும் சிரிக்கவும் அவரே குரல் கொடுப்பார். நல்ல பியோன்சாவுக்காகவே கூட்டம் வந்த காலம் உண்டு. உங்கள் வீட்டுப் பெண் செய்வது அதே தொழில்தான். படம் முடிந்ததும் அவளுக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுங்கள்.

உறவுமுறையையும் அவள்தான் காப்பாற்ற வேண்டும். கொரியர்கள் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அண்ணன், அக்கா, அத்தை, ஐயா என்று வயதுக்கும் உறவுக்கும் ஏற்றபடிதான் பேச்சு. சப்டைட்டில் பல இடங்களில் அதைத் தூக்கிவிட்டுப் பெயரைப் போட்டுவிடும். ஒருவன் இன்னொருவனைத் திடீரென்று மரியாதை இல்லாமல் பேசிவிட்டால் அங்கே பெரிய சண்டைக்கு விதை விழுகிறது. சப்டைட்டிலில் அது தெரியாது. தொடர் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தெரியும். “அண்ணன்னு கூப்பிட்டவன் இப்ப ‘டா’ போட்டுப் பேசறான்” என்று அவள் சொன்னதும் பாட்டி நிமிர்ந்து உட்காருவார்.

முதல் படம், இரண்டாம் படம்

முதல் படமாக நான் சொல்வது ‘ஓட் டு மை ஃபாதர்’, 2014இல் வந்தது. ஹ்வாங் ஜங்-மின் நடித்தது. 1950 டிசம்பரில் கொரியப் போரின்போது வடக்கே ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து அகதிகள் கப்பலேறும் நெரிசலில் ஒரு சிறுவன் தங்கையைத் தவறவிடுகிறான். அவளைத் தேட இறங்கும் அப்பா, “நான் இல்லையென்றால் இந்த வீட்டுக்கு நீதான் தலைவன்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு பேச்சைத் தலையில் சுமந்துகொண்டு அவன் பூசானில் வளர்கிறான், தம்பியின் படிப்புக்காக மேற்கு ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குகிறான், தங்கை கல்யாணத்துக்காக வியட்நாம் போகிறான். தனக்கென்று நினைத்தது ஒன்றும் நடப்பதில்லை. தோட்டத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, பள்ளியை விட்டு ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் இந்தக் கதைக்கு அறிமுகம் கேட்க மாட்டார்கள்.

பார்க்கும் முன் ஒரு செய்தியை மட்டும் சொல்லிவையுங்கள். 1983இல் கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி, போரில் பிரிந்துபோன குடும்பங்களைச் சேர்த்துவைக்க ஒரு நேரலை நிகழ்ச்சி நடத்தியது. ஓர் இரவுக்கென்று தொடங்கியது 138 நாள் நீண்டது. சனங்கள் பெயர் எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள், கட்டடச் சுவர் முழுக்கத் தாள் ஒட்டினார்கள். அந்தப் பதிவுகளை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. படத்தின் பின்பகுதியில் இது வரும். நம் பக்கத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் பிடித்துப்போன தாத்தாவைப் பற்றி இன்னமும் பேசும் குடும்பங்கள் உண்டு. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் போனார்கள், பலர் திரும்பவில்லை. அந்தக் காட்சி ஓடும்போது வீட்டில் யாராவது எழுந்து பின்பக்கம் போனால் போகட்டும், நிறுத்தி என்னவென்று கேட்க வேண்டாம். இந்தப் படத்தைத்தான் 2019இல் இந்தியில் சல்மான் கானை வைத்து ‘பாரத்’ என்று எடுத்தார்கள். போரை 1947 பிரிவினையாக மாற்றிக்கொண்டார்கள். மூலம்தான் மேல் என்பது என் எண்ணம்.

இரண்டாவதாக ‘மிராக்கிள் இன் செல் நம்பர் 7’, 2013. அறிவு வளர்ச்சி குன்றிய அப்பா, செய்யாத கொலைக்குச் சிறையில். சிறைவாசிகள் சேர்ந்து அவருடைய சின்ன மகளை உள்ளே கடத்திவந்து வைத்துக்கொள்கிறார்கள். நடக்குமா என்று கேட்டால் நடக்காது. தமிழ்ப் படத்தில் நடப்பதெல்லாம் நடக்கிறதா என்ன? கொரியாவில் இதற்கு ஒரு கோடியே இருபது லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது, அந்நாட்டு மக்கள்தொகையே ஐந்து கோடி சொச்சம். பிறகு துருக்கி, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று ஒவ்வொரு நாடாக மறு ஆக்கம் செய்தார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த அப்பாமேல் சுமத்தப்படும் குற்றம் ஒரு குழந்தை சம்பந்தப்பட்டது. பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் கேள்வி வரும், பதில் தயாராக இருக்கட்டும். துண்டும் தயாராக இருக்கட்டும்.

இரண்டு அழுகைக்குப் பிறகு சிரிக்க வேண்டும். அந்த அப்பாவாக நடித்த ரியூ சுங்-ரியோங்தான் ‘எக்ஸ்ட்ரீம் ஜாப்’ படத்தில் (2019) போலீஸ் குழுத் தலைவர். போதைக் கும்பலை வேவு பார்க்க எதிரே இருக்கும் கோழிக் கடையை அவர்களே எடுத்து நடத்துகிறார்கள். கோழி ருசியாக அமைந்து, கடை பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்கி, துப்பறிய நேரமில்லாமல் போகிறது. ஒரு கோடியே அறுபது லட்சம் டிக்கெட். அடுத்த வாரமே இதைப் போட்டால் “போன வாரம் அழவச்ச அதே ஆள்!” என்று வீட்டில் கண்டுபிடிப்பார்கள். கொரிய முகங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற புகார் அன்றோடு தீர்ந்துவிடும். நடிகரைத் தெரிந்துகொள்வதுதான் அதற்கு மருந்து. நாமும் படத்துக்குப் போவது ஆளைப் பார்க்கத்தானே.

பாட்டி தனக்கென்று ஒரு படம் கேட்டால் ‘தி வே ஹோம்’ (2002) போடுங்கள். சியோலிலிருந்து வந்த அடங்காத பேரன், மலைக்கிராமத்தில் வாய் பேச முடியாத பாட்டி. வசனம் குறைவு, வாசித்துச் சொல்பவருக்கு ஓய்வு. பாட்டியாக நடித்தவர் நடிகையே அல்ல, ஒரு கிராமத்து மூதாட்டி. பேரன் கேஎஃப்சி கோழி கேட்க, அவர் மழையில் நனைந்து கோழி வாங்கிவந்து வேகவைத்துத் தரும் காட்சி ஒன்று போதும். கலகலப்பாக வேண்டுமென்றால் ‘மிஸ் கிரானி’ (2014). எழுபது தாண்டிய பாட்டி புகைப்படக் கடைக்குள் போய் இருபது வயதுப் பெண்ணாக வெளியே வருகிறாள், பாட்டும் உண்டு. தெலுங்கில் லட்சுமியும் சமந்தாவும் நடித்த ‘ஓ பேபி’ இதன் மறு ஆக்கம்தான்.

பிறகு ‘ட்ரெயின் டு பூசான்’ (2016). சியோலிலிருந்து பூசானுக்குப் போகும் அதிவேக ரயிலில் தொற்று பரவி மனிதர்கள் பிணங்களாகப் பாய்கிறார்கள். பேய்ப் படம் என்று ஒதுக்காதீர்கள். மகளுக்கு நேரம் ஒதுக்காத ஓர் அப்பா, அவள் பிறந்தநாளுக்கு அம்மாவிடம் அழைத்துப் போகும் பயணம் அது. யார் கதவைத் திறந்துவிடுகிறார்கள், யார் சாத்துகிறார்கள் என்பதில்தான் முழுப் படமும். மா டொங்-சியோக் வெறும் கையால் அடிக்கும்போது நம் வீட்டு ஆண்கள் விசில் அடிப்பார்கள். சின்னப் பிள்ளைகளைத் தூங்க அனுப்பிவிடுங்கள்.

இடறும் இடங்கள்

பெரும்பாலும் பாட்டு இருக்காது. முதல் இரண்டு படத்துக்கு அது ஒரு குறையாகவே படும். தமிழ்ப் படத்தில் மனம் நிறைந்தால் பாட்டு வரும். கொரியப் படத்தில் அந்த இடத்தில் சாப்பாடு வரும். ஒன்றாக உட்கார்ந்து ஒரே சட்டியில் கரண்டி விட்டுச் சாப்பிடுகிறார்கள் என்றால் அங்கே உறவு கூடுகிறது, தனியாக ஒருவன் மீ நூடுல்ஸை உறிஞ்சுகிறான் என்றால் அவன் நொந்திருக்கிறான். அதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு பாட்டைத் தேட மாட்டீர்கள். குடியும் நிறைய வரும். எல்லாக் கவலைக்கும் பச்சைப் போத்தல் சோஜுதான். அப்பா குடியை விட்டு ஆறு மாதம்தான் ஆகிறது என்றால் படத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

இடைவேளை கிடையாது. நாமே விட்டுக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் எங்கே விடுவது என்று தெரிந்து விட வேண்டும். பல கொரியப் படங்கள் பாதியில் சட்டென்று வேறு படமாக மாறும். சிரிக்கவைத்துக்கொண்டே வந்து கழுத்தைப் பிடிக்கும். அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னால் தேத்தண்ணிக்கு நிறுத்துவதுதான் கணக்கு. பார்க்காத படமாக இருந்தால் ஐம்பதாவது நிமிடத்தில் நிறுத்துங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

போலீஸ்காரர்களைக் கோமாளிகளாகவும் முரடர்களாகவும் காட்டுவார்கள், அமைச்சர் பொய் சொல்வார், இராணுவம் சொந்த மக்களைச் சுடும். எப்படி இப்படி எடுக்க விடுகிறார்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். கொரியாவில் நீண்ட காலம் இராணுவ ஆட்சி இருந்தது, படங்களுக்குக் கடும் தணிக்கை இருந்தது. முன்தணிக்கை செல்லாது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்த தலைமுறைதான் நாம் இப்போது பார்ப்பது. உள்ளூர்ப் படத்தைக் காக்கச் சட்டமும் உண்டு. ஒவ்வொரு தியேட்டரும் ஆண்டுக்கு இத்தனை நாள் கொரியப் படம் ஓட்டியே ஆக வேண்டும், முன்பு 146 நாள், 2006இலிருந்து 73. அமெரிக்காவின் நெருக்குதலில் அதைப் பாதியாகக் குறைத்தபோது நடிகர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

முடிவு சோகமாக இருக்கலாம். நாயகன் சாகலாம், குற்றவாளி பிடிபடாமல் போகலாம். இதைப் பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள், ஆனால் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பேச விடுங்கள். உடனே தூங்கப் போனால் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

இப்போது ‘பாரசைட்’

இத்தனையும் ஆனபின் விருதுப் படங்களுக்கு வரலாம். வழியில் ‘எ டாக்சி டிரைவர்’ (2017) பார்த்துவிடுங்கள். 1980 மே மாதம், குவாங்ஜு நகரில் இராணுவம் மக்கள்மேல் பாய்ந்த நாட்கள். வாடகைப் பாக்கியை அடைக்கப் பணம் கிடைக்கிறதே என்று ஒரு ஜெர்மன் பத்திரிகையாளரை ஏற்றிக்கொண்டு போகும் ஓட்டுநர், சொங் காங்-ஹோ. உண்மை நடப்பை வைத்து எடுத்தது. இவர் முகம் பழகிவிட்டால் ‘பாரசைட்’டில் பாதி வேலை முடிந்தது, அதிலும் அவர்தான் அப்பா.

தரைக்குக் கீழே பாதி புதைந்த வீடு, மழை வந்தால் கழிவறையில் பொங்கும் தண்ணீர், பணக்கார வீட்டம்மாவுக்கு அந்த மழை ஒரு நல்ல விஷயமாகப் படுவது. ஆற்றோரம் குடியிருந்து வெள்ளத்துக்கு மெத்தையைத் தூக்கி மேசைமேல் போட்டவர்களுக்கு இதில் குறியீடு ஒன்றும் தேட வேண்டியதில்லை. வாசனையைப் பற்றி வரும் பேச்சும் அப்படித்தான். செம்பனை ஆலை வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியபோது பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இந்தப் படத்தில் யார் பக்கம் நிற்பார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சோஃபாவில் ஒரு படுக்கையறைக் காட்சி உண்டு, கடைசியில் இரத்தமும் உண்டு, ஆகவே பிள்ளைகள் வேண்டாம். மழை இரவில் அழைப்பு மணி அடிக்கும். தேத்தண்ணி இடைவேளையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

‘பாரசைட்’ இயக்குநர் பொங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த ‘மெமரிஸ் ஆஃப் மர்டர்’ இதைவிடவும் நல்ல படம் என்று வாதாடத் தயாராக இருக்கிறேன். 1986இலிருந்து ஒரு கிராமப்புற வட்டாரத்தில் நடந்த தொடர் கொலைகளைப் பற்றியது. படம் வந்தபோது கொலைகாரன் யாரென்று தெரியாது. 2019இல்தான் மரபணுச் சோதனையில் வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன் அகப்பட்டான். படத்தின் கடைசிப் பார்வை யாரைத் தேடுகிறது என்பதை இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள். ‘ஓல்ட்பாய்’ பற்றிப் பையன்கள் ஆர்வமாகப் பேசுவார்கள். பேசட்டும். மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கும் படமல்ல அது.

எமன் சபை பிடிக்கும் வீடுகளுக்கு ஒரு கொசுறு: ‘அலாங் வித் த காட்ஸ்’ (2017). செத்தவன் நாற்பத்தொன்பது நாளில் ஏழு விசாரணை தாண்ட வேண்டும். மேலே அமர்ந்திருப்பவர் நம் எமதர்மராஜன்தான், பௌத்தத்தோடு கொரியா போய்ச் சேர்ந்தவர். ‘ஸ்க்விட் கேம்’ நாயகன் லீ ஜங்-ஜே நீள முடியோடு அந்த வேடத்தில் வருவார்.

கடைசியாக, பதிலுக்கு ஒரு படம்

பக்கத்து வீட்டு மலாய்க்காரர், எதிர்வீட்டுச் சீனப் பையன் எல்லாரும் நமக்கு முன்பே கொரியப் படத்துக்குப் பழகியவர்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள், வாசித்துச் சொல்ல இன்னொரு ஆள் கிடைக்கும். நான்கைந்து படம் ஆனதும் அவர்களுக்கு ஒரு தமிழ்ப் படம் காட்டுவதுதான் மரியாதை. மூன்று மணி நேரம், ஆறு பாட்டு, அறிமுகச் சண்டை என்று ஆரம்பிக்காதீர்கள். கொரியப் பழக்கம் உள்ளவருக்கு ‘பாபநாசம்’ (2015) நன்றாகப் பிடிக்கும். குடும்பம், போலீஸ், பொய், பிள்ளைக்காக எதையும் செய்யும் அப்பா. அதன் மூலமான மலையாள ‘த்ரிஷ்யம்’ கதையைக் கொரிய மொழியில் எடுக்கப்போவதாக 2023இல் கான் விழாவில் அறிவித்தார்கள், அந்தப் பக்கமும் இதே சுவையைத்தான் தேடுகிறது. நம் நாட்டுப் படமே வேண்டுமென்றால் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ (2015). 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பையனின் கதை; அண்டைவீட்டார் இத்தனை நாள் பார்த்தும் பாராத வாழ்க்கை.

ஆனால் அவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது ‘கைதி’ (2019) தான். பாட்டு இல்லை, காதல் இல்லை, ஒரே இரவு, ஒரு லாரி, பார்த்தே இராத மகளைப் பார்க்கப் போகும் அப்பா. ‘ட்ரெயின் டு பூசான்’ பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். சப்டைட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். கார்த்தி பிரியாணி சாப்பிடும் காட்சி வந்ததும் எல்லாருக்கும் பசிக்கும், அதனால் ஹலால் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்துப் பிரியாணி வாங்கி வையுங்கள், ஆளுக்கு ஒன்றுக்கு மேலாகவே.